பதிவில் இருந்த பெயர்

அறுநூறு பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் அறுநூறு பேருக்கும் பொதுவாக ஒரு விரோதி வேண்டும். மேலதிகாரியைத் திட்டினால் வேலைக்கு ஆபத்து. வாடிக்கையாளரைத் திட்டினால் புகார் வரும். அதனால் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் ஐந்து மாடிகளிலும் இருந்தவர்கள் ஒருமனதாக சென்சாரக்காவைத் திட்டினார்கள். மற்ற எதிலும் அவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது.

அது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாம் மாடியில், ஆண்டு முழுவதும் குளிர்ந்து கிடக்கும் இயந்திர அறையில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். எதிரே இரும்புச் சட்டத்தில் மூன்று விரல் உயரத்தில் ஒரு தட்டையான பெட்டி. அலுவலகக் கணினி எதிலிருந்து யார் இணையத்துக்குப் போனாலும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கு ப்ராக்ஸி என்று பெயர். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அதற்குச் சொல்லிவைப்பவள் சென்சாரக்கா. துணிக்கடைத் தளத்தைத் திறந்தவுடன் "இந்தப் பக்கம் அனுமதிக்கப்படவில்லை" என்று சிவப்பு எழுத்தில் வரும் பாருங்கள், அந்த வாசகம் அவள் எழுதியது. "மன்னிக்கவும்" என்று முதலில் போடச் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்க நான் என்ன தப்பு செய்தேன் என்று அவள் போடவில்லை.

இருபத்து மூன்று வயதில் தட்டச்சு வேலைக்கு வந்தவள். முதல் பெட்டி வந்தபோது அதைப் பார்த்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. விற்றவர்கள் தடித்த கையேடு ஒன்றை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் நான்கு மாதம் படித்தாள். புரியாத இடத்தை மறுபடி படித்தாள். கல்லூரிப் பட்டத்தோடு வந்தவர்களெல்லாம் நழுவிப்போன வேலையைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள் என்பதில் அவளுக்குக் கர்வம் இருந்தது. நியாயமான கர்வம்தான். ஆனால் அதை அவள் மற்றவர் கண்ணில் குத்துகிற மாதிரி வைத்துக்கொண்டாள். இப்போது நாற்பத்தாறு வயது. நடுவில் ஒரு கல்யாணப் பேச்சு வந்து முறிந்தது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நாமும் பேச வேண்டாம்.

அவள் இருந்தது அண்ணன் வீட்டு மாடி அறையில். அண்ணன் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். வீட்டில் சத்தம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடும் வகை. சத்தம் வருவதற்குக் காரணம் அண்ணி. அல்லது சென்சாரக்கா. யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. பத்தொன்பது வருடமாக இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் மேல் தட்டு ஒருத்திக்கு, கீழ்த்தட்டு ஒருத்திக்கு. குளியலறைக்குக் காலை ஆறே கால் வரை ஒருத்தி, அதற்கு மேல் மற்றவள். போதாக்குறைக்கு அண்ணியும் அதே காப்பீட்டு அலுவலகத்தில், தரைத்தளத்து இழப்பீட்டுப் பிரிவில் கவுண்டரில் இருந்தாள். ஒரே பேருந்தில் ஏறி, ஒருத்தி முன்னாலும் ஒருத்தி பின்னாலும் உட்கார்ந்து, ஒரே நிறுத்தத்தில் இறங்கி, பத்தடி இடைவெளி விட்டு நடந்து வருவார்கள். காவலாளிக்கு இவர்களைப் பார்த்துத்தான் பொழுதுபோகும்.

வீட்டிலும் சென்சாரக்கா சும்மா இருக்கவில்லை. வீட்டு இணையத்தில் ஒரு வடிகட்டியைப் போட்டு, இரவு ஒன்பதரைக்கு மேல் நாடகம் ஓடாதபடி செய்தாள். அண்ணன் மகளின் படிப்பு கெடுகிறது என்பது அவள் சொன்ன காரணம். அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் கம்பியைப் பிடுங்கி, கருவியோடு சேர்த்து மாடிப்படியில் வைத்துவிட்டாள். மறுநாள் முதல் வீட்டில் இரண்டு இணைய இணைப்புகள் வந்தன.

அலுவலகத்தில் இந்தச் சண்டைக்கு வேறு உருவம். போன வருட ஊழியர் கூட்டத்தில் அண்ணி எழுந்து நின்று கேட்டாள். வங்கித் தளத்துக்குப் போனால்கூட பெட்டி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது, கால் மணிக்கொரு தடவை கேட்கிறது, கவுண்டரில் ஆள் நிற்கும்போது இதையே தட்டிக்கொண்டிருந்தால் வேலை எப்போது செய்வது, இந்தப் பெட்டி எங்களை வேலை வாங்க வந்ததா வதைக்க வந்ததா என்று கேட்டாள். கைதட்டல் விழுந்தது. அண்ணி அந்தக் கைதட்டலுக்குத் தலையாட்டி நன்றி வேறு சொன்னாள். சென்சாரக்காவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

பொது மேலாளர் இரண்டு உத்தரவுகள் போட்டார். ஒன்று, இப்படிப் படுத்தாமல் ஏதாவது செய்யுங்கள். இரண்டு, இந்தப் பெட்டி சம்பந்தமான சொற்களுக்கு ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி எல்லா மாடியிலும் ஒட்டுங்கள், புரிந்தால் திட்டமாட்டார்கள். புரிந்தால் திட்டமாட்டார்கள் என்று நம்பிய ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவர்தான்.

முதல் உத்தரவை சென்சாரக்கா ஒரே வரியில் முடித்தாள். பெயர் கேட்பதற்கு ஓர் அளவு உண்டு. ஒரு கணினியிலிருந்து ஒருவர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால், அந்தக் கணினி அவருடையது என்று பெட்டி கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும்; அதுவரை மறுபடி கேட்காது. அந்தக் கொஞ்ச நேரம் பதினைந்து நிமிடமாக இருந்தது. கேட்கக்கூடாது என்றால் நாள் முழுவதும் கேட்காமல் இருந்து தொலையட்டும் என்று அவள் எரிச்சலில் அதை எட்டு மணி நேரமாக்கினாள். மாற்றங்களை எழுதும் பதிவேடு ஒன்று உண்டு. அதில் இதை எழுதவில்லை. எழுதினால் காரணமும் எழுத வேண்டும். அண்ணியின் பேச்சுக்குப் பணிந்து மாற்றினேன் என்று தன் கையெழுத்தில் எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது உத்தரவுக்கு அவள் ஒரு வாரம் உழைத்தாள். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அந்தத் தாளைப் படித்தவர்கள் சிரித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். ப்ராக்ஸி என்றால் உங்களுக்குப் பதிலாக வெளியே போய்க் கேட்டு வாங்கி வருவது என்றும், நீங்கள் கேட்டதையெல்லாம் வாங்கி வர அதற்குத் தலையெழுத்து இல்லை என்றும் போட்டிருந்தது. கேஷ் என்பது ஒருவருக்காக வாங்கி வந்ததை எடுத்துவைத்து அடுத்தவருக்கும் கொடுப்பது. பழைய பக்கம் தெரிகிறது என்று தொலைபேசியில் கத்துவதற்கு முன்னால் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்கவும். சுமைப் பகிர்வு என்பது வெளியே போகும் இரண்டு இணைப்புகளில் கூட்டத்தைப் பிரித்து அனுப்புவது. மதியம் ஒன்றரைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பந்தாட்டம் பார்த்தால் எத்தனை இணைப்பு இருந்தும் பயனில்லை. ரிவர்ஸ் ப்ராக்ஸி இதற்கு நேரெதிர், வெளியாட்கள் நம் தளத்துக்கு வரும்போது முன்னால் நின்று விசாரித்து அனுப்புவது. பூட்டிய உறையில் போகும் தகவலையும் பெட்டி பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டி அனுப்பும். விலக்குப் பட்டியலில் இருக்கும் தளங்களை மட்டும் பிரிக்காது. வங்கியும் மருத்துவமனையும் அதில் உண்டு, உங்கள் மச்சானின் கடை அதில் சேராது.

கடைசிச் சொல் பதிவு. யார், எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு, எங்கே போனார் என்று பெட்டி வரி வரியாக எழுதிவைப்பது. அதற்குக் கீழே அவள் தடித்த எழுத்தில் போட்டிருந்தாள்: "பதிவில் உள்ள பெயரே செய்தவர் பெயர். பதிவு பொய் சொல்லாது." பெட்டி ஒரு பெயரை எத்தனை நேரம் நினைவில் வைத்திருக்கும் என்ற விஷயத்துக்குத் தாளில் இடமில்லை. இடம் இருந்தது, அவள் விட்டுவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் நாற்பது வாடிக்கையாளர்களின் மருத்துவக் கோப்புகள் அலுவலகத்திலிருந்து வெளியே போயின. யாரோ இலவசமாகக் கோப்புகளை ஏற்றிவைக்கும் ஒரு தளத்தில் அவற்றைப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் அந்த நாற்பது பேருக்கும் வேறொரு நிறுவனத்திலிருந்து தொலைபேசி போய்விட்டது. உங்களுக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதே, எங்களிடம் இதைவிட நல்ல திட்டம் இருக்கிறது என்று. நாற்பது பேரும் கவுண்டருக்கு வந்து கத்தினார்கள். இரண்டு பேர் வழக்குப் போடுவதாகச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பணியாளர் மேலாளர் இயந்திர அறைக்கு வந்து பதிவைக் கேட்டார். சென்சாரக்கா தேடினாள். மதியம் ஒன்று முப்பத்தெட்டிலிருந்து ஒன்று நாற்பத்து மூன்று வரை, இழப்பீட்டுப் பிரிவின் ஸ்கேன் மேஜைக் கணினி, நாற்பது கோப்புகள். பெயர் இருக்கும் கட்டத்தில் அண்ணியின் பெயர்.

அவளுக்கு எப்படி இருந்தது என்பதை மூடி மறைக்க வேண்டியதில்லை. சந்தோஷமாக இருந்தது. அச்சு எந்திரத்திலிருந்து தாள் முழுதாக வருவதற்குள் நுனியைப் பிடித்து இழுத்தாள். மேலாளர் பெயரைப் படித்துவிட்டு, இவர் உங்களுக்கு உறவு இல்லையா என்று கேட்டார். உறவுதான், பெட்டிக்கு உறவு தெரியாது என்று சொல்லி அவள் முத்திரை குத்திக் கொடுத்தாள். பதினொரு மணிக்கு அண்ணியைக் கைப்பையோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை வீட்டில் இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவைத் தாண்டி அண்ணி தனியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பதை சென்சாரக்கா மாடி சன்னலிலிருந்து பார்த்தாள். வேலை தலைக்குமேல் கிடந்தும் பேருந்து வரும்வரை நின்று பார்த்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் மறுபடி பதிவைத் திறந்தாள். ரசித்துப் படிக்கத்தான் திறந்தாள், வேறு எதற்கும் இல்லை. கோப்புகள் போனதற்கு அடுத்த வரிகள் கண்ணில் பட்டன. ஒன்று நாற்பத்து நான்கு, அதே கணினி, அதே பெயர், பழைய லாரி விற்கும் விளம்பரத் தளம். ஒன்று நாற்பத்தைந்து, லாரி டயர் விலை. அண்ணிக்கு மிதிவண்டியில்கூட ஆசை கிடையாது. சென்சாரக்கா வரியை மேலே தள்ளினாள். காலை ஒன்பது பத்துக்கு அண்ணி அந்த மேஜையில் பெயர் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு பெட்டி யாரிடமும் பெயர் கேட்கவில்லை. எட்டு மணி நேரம்.

அந்த மேஜைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள். ஸ்கேன் செய்ய ஒருவர், அனுப்ப ஒருவர், சும்மா உட்கார ஒருவர். எல்லோரும் கணினியைத் திறப்பது ஒரே பொதுக் கணக்கில். காலையில் முதலில் பெயர் கொடுத்தவள் தலையில் மற்ற ஒன்பது பேர் செய்ததும் விழும். இதை அவள் அல்லவா முதலில் யோசித்திருக்க வேண்டும். இருபது வருடம் இந்தப் பெட்டியோடு குப்பை கொட்டியவள்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அந்த வியாழக்கிழமை ஒன்று முப்பத்தெட்டுக்கு அண்ணி எங்கே இருந்தாள் என்பது சென்சாரக்காவுக்குத் தெரியும். நான்காம் மாடி உணவறையில், இவளுக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து, மாடிப்படியில் கருவியைக் கொண்டுபோய் வைத்த கதையை ஐந்தாறு பேருக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இவள் ஒன்றரையிலிருந்து அங்கிருந்து கண்ணெடுக்காமல் வயிறெரிந்து கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் பாதிச் சாப்பாட்டை மூடி எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு வந்து, அண்ணி இடைவேளையில் நாடகச் சுருக்கம் படிக்கும் தளத்தைத் தடைப் பட்டியலில் ஏற்றினாள். பெட்டியில் யார் எந்த விதியை மாற்றினார் என்பதற்கும் ஒரு பதிவு உண்டு. அதில் இருந்தது: ஒன்று நாற்பத்தாறு, இவள் பெயர், அந்தத் தளம். நேரத்துக்கு அதைவிட வலுவான சாட்சி கிடையாது.

ஆக, அண்ணியின் வேலையைக் காப்பாற்ற அவளால் முடியும். அதற்கு இரண்டைக் காட்ட வேண்டும். யாரிடமும் சொல்லாமல், எங்கும் எழுதாமல் எட்டு மணி நேரமாக்கியது. சிரித்ததற்காக ஒரு தளத்தை மூடியது. இரண்டையும் காட்டினால் பெட்டி கையை விட்டுப் போகும், வேலையும் போகலாம். காட்டாவிட்டால் அண்ணி போவாள், அதுவும் திருட்டுப் பட்டத்தோடு. சென்சாரக்கா பதிவை மூடிவிட்டு மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. அண்ணன் அவளைப் படியில் மடக்கி, ஏதோ பகை என்றால் என்னோடு வைத்துக்கொள், அவள் பிழைப்பில் ஏன் கை வைக்கிறாய் என்று கேட்டான். தங்கையே பொய்யாக எழுதி அச்சடித்துவிட்டாள் என்றுதான் அண்ணன் நினைத்திருந்தான். அவன் மகள் அத்தையைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பொய் எழுதுகிறவளா என்று சென்சாரக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் அவளுக்கு வசதியாக இருந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது. என்னைப் பற்றி இப்படி நினைப்பவர்களுக்காக நான் எதற்கு மண்ணைக் கவ்வ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

புதன்கிழமை சாயங்காலம் அந்தக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணி. பத்தொன்பது வருடத்தில் அவள் அந்த மாடிக்கு ஏறியது துணி காயப்போடத்தான், இந்தக் கதவுக்கு வந்தது இல்லை. முகம் வீங்கியிருந்தது. உள்ளே வரவில்லை, நிலைக்கு வெளியேயே நின்றாள்.

"நான் பண்ணலைன்னு உனக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். தெரியுமான்னு மட்டும் சொல்லு."

சென்சாரக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை.

"பதிவுல உங்க பேருதான் இருக்கு அண்ணி."

அண்ணி திரும்பினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். சென்சாரக்கா மடித்த துணியையே மறுபடி மடித்தாள். வியாழக்கிழமை முழுவதும் அவள் யாரிடமும் பேசவில்லை. அவளிடம் பேச யாரும் வரவுமில்லை, ஆகையால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் மாடியில் விசாரணை. பணியாளர் மேலாளர், பொது மேலாளர், இழப்பீட்டுப் பிரிவின் தலைவர், ஓரத்தில் அண்ணி. உணவறையில் இருந்தேன் என்று அண்ணி சொன்னாள். கூட இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். சிநேகிதிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று மேலாளர் ஒதுக்கிவிட்டார். பிறகு மேஜைமேல் ஒரு தாளை எடுத்து வைத்தார். மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருந்ததை உரித்து எடுத்து வந்திருந்தார். மூலைகளில் பசை காய்ந்திருந்தது. கடைசி இரண்டு வரிகளை உரக்கப் படித்தார். பதிவில் உள்ள பெயரே செய்தவர் பெயர். பதிவு பொய் சொல்லாது. நம் நிபுணரே எழுதியது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். பதிவின் நகலைச் சென்சாரக்காவிடம் நகர்த்தி, இது சரியானது என்று ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் விஷயம் முடிந்தது என்றார்.

அவள் பேனாவை எடுத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்து இரங்கினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் அண்ணியைப் பார்க்கவே இல்லை. அந்தத் தாளைப் பார்த்தாள். நான்கு மாதம் கையேட்டைப் படித்துக் கற்றவள் எழுதிய தாள். அதில் ஒரு வரி தப்பு. தப்பான வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத ஒருவர் அவளையே நிபுணர் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார். தெரியாமல் தப்பு எழுதியிருந்தால் அவள் போட்டிருப்பாள். தெரிந்தே போட அவள் கை எழவில்லை. இருபது வருடமாக எல்லோரையும் தெரியாதவர்கள் என்று கரித்துக் கொட்டியவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

பேனாவை மூடினாள். "இந்த வரி தப்பு சார்," என்றாள். "கீழ ஸ்கேன் மேஜைக்கு வாங்க. காட்டறேன்."

ஐந்து பேரும் தரைத்தளத்துக்கு இறங்கினார்கள். கவுண்டரில் வரிசையாக நின்ற வாடிக்கையாளர்கள் வழிவிட்டார்கள். அன்று காலை அந்தக் கணினியில் முதலில் பெயர் கொடுத்தவர் ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த காசாளர் அம்மாள். அந்த அம்மாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தாள். பணியாளர் மேலாளரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். எந்தத் தளத்தை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள் என்றாள். அவர் ஒரு செய்தித்தாளைத் திறந்தார். பெட்டி அவரிடம் பெயர் கேட்கவில்லை. சென்சாரக்கா தன் மடிக்கணினியில் பதிவைத் திருப்பிக் காட்டினாள். பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம், செய்தித்தாள், காசாளர் அம்மாளின் பெயர். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நான் இங்கே நிற்கிறேன், என் பெயரில் யார் பேப்பர் படிக்கிறது என்று கேட்டார். மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

பிறகு அவர் சுதாரித்துக்கொண்டார். இதை ஏன் செவ்வாய்க்கிழமையே சொல்லவில்லை, வீட்டு ஆள் என்று அண்ணியைக் காப்பாற்றப் பார்க்கிறீர்களோ என்றார். கவுண்டர் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதா? இழப்பீட்டுப் பிரிவின் தலைவரே, இந்தக் குற்றச்சாட்டை மட்டும் எழுத்தில் போட்டுவிடாதீர்கள் என்றார். அந்த நேரத்தில்தான் சென்சாரக்கா இரண்டாவது பதிவையும் திறந்தாள். ஒன்று நாற்பத்தாறு. அண்ணி நான்காம் மாடியில் சிரித்துக்கொண்டிருந்ததை ஒன்றரையிலிருந்து பார்த்தேன், அந்த ஆத்திரத்தில் இறங்கி வந்து இதைத் தடுத்தேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அவர்களுக்குள் கொஞ்சம் அன்பு இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். பகை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் நம்பினார்கள்.

பொது மேலாளர் கேட்டது ஒன்றே ஒன்று. எட்டு மணி நேரமாக்கியது யார்?

"நான்தான். பதிவேட்டுல எழுதலை."

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. அண்ணியை வேலையில் சேரச் சொன்னார்கள். லாரித் தளத்தைப் பார்த்தது யார் என்று வேறு விசாரணை தொடங்கியது. பிரிவில் லாரி வாங்கி விடப்போகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் அன்று அரை நாள் விடுப்பில் போய்விட்டான். சென்சாரக்காவிடமிருந்து அறைச் சாவியும் கடவுச்சொல்லும் வாங்கப்பட்டன. திங்கட்கிழமையிலிருந்து அவள் அடித்தளத்துக் கோப்புக் கிடங்கில். பழைய கோப்புகளுக்கு எண் ஒட்டும் வேலை. அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். பெட்டியைப் பார்த்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை என்று சொல்லக் கேட்டபோது அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் விளக்கு எரிந்தது. அண்ணன் வாசலுக்கே வந்து அவள் பையை வாங்கிக்கொண்டான். அண்ணன் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நாலு பேருக்கு முன்னால் உன் தப்பைச் சொல்லி அவளைக் காப்பாற்றினாய், உன்னைத் தப்பாக நினைத்தேன் என்று அண்ணன் சொன்னான். சென்சாரக்கா தண்ணீர் குடித்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு நன்றாக இருந்தது. இவ்வளவு எளிதாக இருந்திருக்குமா என்றுகூட ஒரு நினைப்பு வந்து போயிற்று.

அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று மூன்று பேருமே நினைத்தார்கள்.

"அடுத்தவங்க செஞ்சது என் பேருல விழும்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

இன்று காலையில் என்று சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் பொறி தட்டியது என்று சொல்லியிருக்கலாம், நம்பியும் இருப்பார்கள். அவள் வாய்வரை வந்தது. ஆனால் அன்று காலை ஒரு தப்பான வரியைத் தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் விட்டவளுக்கு, சாயங்காலத்துக்குள் இன்னொன்று சொல்ல வாய் வரவில்லை.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம்."

அண்ணி தலையை ஆட்டினாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் சென்சாரக்காவுக்குப் பதில் சொல்லத் தெரியும்.

"அப்ப புதன்கிழமை நான் மாடி ஏறி வந்து கேட்டப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணி."

அண்ணன் கையில் இருந்த பையைக் கீழே வைத்தான். அண்ணி அவன் பக்கம் திரும்பினாள். இவளிடம் பேசுவதை அத்தோடு முடித்துக்கொண்டவளாக, அவனிடம் மட்டும், நிதானமாகச் சொன்னாள்.

"மாசக் கடைசிக்குள்ள உங்க தங்கச்சியை வேற வீடு பார்த்துக்கச் சொல்லுங்க."

சென்சாரக்கா அண்ணனைப் பார்த்தாள். ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள், சொல்லாவிட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேயாவது போவான் என்று பார்த்தாள். அவன் எங்கும் போகவில்லை. மனைவியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "சரி," என்றான்.